கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

போன வாரம் என் சித்தி மகள் போன் பண்ணினா. மளிகைக் கடையில ஐஸ்கிரீமும் பச்சைப் பட்டாணியும் பரோட்டா பாக்கெட்டும் வைக்கப் பழைய டீப் ஃப்ரீசர் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கா. மேல மூடி திறக்கிற பெட்டி வகை. நாலு மாசத்துல மூணு தடவை கேஸ் ஏத்தியாச்சாம். "மறுபடியும் கேஸ் தீர்ந்துபோச்சுக்கா. இந்தத் தடவை வேற ஆளைக் கூப்பிடவா?"ன்னு கேட்டா.

கேஸ் தீராது, தங்கச்சி. அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிஞ்சு காலியாகிற பொருள் இல்லை அது. மூடின குழாய்க்குள்ள திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுத்திக்கிட்டே இருக்கும். பெட்டிக்குள்ள இருக்கிற சூட்டை வாங்கிக்கிட்டு வந்து வெளியில விடுறதுதான் அதோட வேலை. குழாய் ஓட்டையாகலைன்னா இருபது வருஷம் ஆனாலும் போட்ட கேஸ் போட்டபடி இருக்கும். குறைஞ்சிருக்குன்னா ஓட்டை இருக்கு. அதைத் தேடாம கேஸை மட்டும் ஏத்திட்டுப் போறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதை.

நாகப்பட்டினத்துல மீனும் ஐஸும் வச்சு 16 வருஷமா கடை நடத்துறேன். மூணு பெட்டி ஓடுது. அதுல ஒண்ணு, நான் வாங்கும்போதே பழசு. நான் மெக்கானிக் இல்லை. ஆனா ஒவ்வொரு ரிப்பேருக்கும் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என்ன பண்றீங்க, எதுக்குப் பண்றீங்கன்னு கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கேஸையும் வெல்டிங்கையும் நீ கையில எடுக்க வேண்டாம். அது படிச்ச ஆளோட வேலை. அந்த வேலை சரியா நடக்குதான்னு பார்க்கத் தெரிஞ்சா உனக்குப் போதும்.

முதல்ல காதைக் கொடு

கூலிங் இல்லைன்னா உடனே கேஸ்னு முடிவு பண்ணாதே. பெட்டி பக்கத்துல ரெண்டு நிமிஷம் நில்லு. கம்ப்ரசர் உறுமி, சில நொடியில "டிக்"குனு நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி உறுமி, மறுபடி "டிக்"குன்னா, அது பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறு. அந்த "டிக்" சத்தம் ஓ.எல்.பி.ங்கிற பாதுகாப்பு பட்டன் கரண்டை வெட்டுற சத்தம். வோல்டேஜ் குறைவா இருக்கலாம், ரிலே போயிருக்கலாம், கெப்பாசிட்டர் செத்திருக்கலாம். மெலிசான எக்ஸ்டென்ஷன் ஒயர்ல பெட்டியை மாட்டியிருந்தா முதல் சந்தேகம் அந்த ஒயர் மேலதான். கம்ப்ரசர் கிளம்புற நொடியில பல மடங்கு கரண்ட் இழுக்கும். சோப்பு டப்பா சைஸ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மெலிசு ஒயர் போட்டு வச்சிருந்தா 230 வோல்ட் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள தேஞ்சுபோயிடும்.

எங்க பழைய பெட்டிக்கு ஒருத்தர் வந்து பார்த்துட்டு, கம்ப்ரசர் போயிடுச்சு, மாத்தணும்னுட்டார். மனசு கேக்காம இன்னொருத்தரைக் கூப்பிட்டேன். அவர் பிளக்கைப் பிடுங்கிட்டு, கெப்பாசிட்டர்ல தங்கியிருந்த கரண்டை இறக்கிட்டு, கம்ப்ரசர்ல இருக்கிற மூணு பின்னையும் மீட்டர் வச்சு அளந்தார். ரெண்டு ரெண்டு பின்னா அளந்தா மூணு எண் வரும். சின்ன எண்கள் ரெண்டையும் கூட்டினா பெரிய எண் வரணும். வந்துச்சு. பின்னுக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் நடுவுல கரண்ட் போகுதான்னு பார்த்தார். போகலை. "காயில் நல்லா இருக்குக்கா, ரிலேதான் கருகியிருக்கு"ன்னு சொல்லி ரிலேயையும் கெப்பாசிட்டரையும் மாத்தினார். அந்தக் கம்ப்ரசர் இன்னைக்கும் ஓடுது. அதனால கம்ப்ரசர் மாத்தணும்னு யார் சொன்னாலும், மீட்டர் வச்சு அந்த மூணு எண்ணைக் காட்டச் சொல்லு. கேக்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்லை.

அப்புறம் கையை வை

கம்ப்ரசர் நிக்காம ஓடுது, ஆனா குளிரலைன்னா, வெளிச் சுவரைத் தொட்டுப் பாரு. வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கறுப்பு ஜாலி இருக்குமே, அது மாதிரி நிறைய டீப் ஃப்ரீசர்ல இருக்காது. சூட்டை வெளியே விடுற குழாய் வெளித் தகட்டுக்கு உள்பக்கமா, சுவருக்குள்ளேயே ஓடும். அதனால நல்லா ஓடுற பெட்டியோட பக்கச் சுவர் வெதுவெதுன்னுதான் இருக்கும். சுடுதேன்னு பயப்படாதே, அப்படித்தான் இருக்கணும். கம்ப்ரசர் தொட முடியாம கொதிக்குது, சுவர் மட்டும் ஜில்லுன்னு செத்துக் கிடக்குதுன்னா சுவருக்குள்ள கேஸ் ஓடலைன்னு வச்சுக்கோ.

உள்ளேயும் பாரு. நல்ல பெட்டியில பனி நாலு சுவர்லயும் ஒரே சீரா, மாவு தூவின மாதிரி பிடிக்கும். ஒரு மூலையில மட்டும் ஒண்ணு ரெண்டு சுத்துக்குப் பனி பிடிச்சு, மத்த இடமெல்லாம் ஈரமா வெறுமனே இருந்தா கேஸ் குறைஞ்சிருக்கு. ராத்திரி ஆஃப் பண்ணிட்டுக் காலையில போட்டா நல்லாக் குளிரும், சில மணி நேரத்துல விட்டுப்போயிடும், மறுபடி ஆஃப் பண்ணிப் போட்டா மறுபடி குளிரும்னா குழாய்க்குள்ள ஈரம் போயிருக்கு. கேபிலரின்னு ஊசி மாதிரி ஒரு குழாய் இருக்கு. அதோட துவாரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதோட வாயில ஒரு சொட்டு ஈரம் ஐஸா உறைஞ்சாலே வழி அடைஞ்சுபோகும். கரைஞ்சதும் திறக்கும். இந்தக் கோளாறுக்கும் சிலர் கேஸ்தான் ஏத்துவாங்க. ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரு ஸ்க்ரூ பண்ணின வேலை

எட்டு வருஷத்துக்கு முன்னாடி கடையில ராத்திரி மீன் திருடு போச்சு. மூடிக்குப் பூட்டு போடலாம்னு ஆளை வரச்சொன்னேன். கொண்டியைப் பெட்டியோட முன்பக்கத் தகட்டுல வச்சு ட்ரில் போட்டார். மூணாவது ஓட்டை போடும்போது "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சீறல். குக்கர் வெயிட்டைத் தூக்கின மாதிரி. ட்ரில்லை எடுத்ததும் ஓட்டையிலிருந்து மெல்லிசா எண்ணெய் கசிஞ்சு வெள்ளைத் தகட்டுல கோடா இறங்குச்சு. கம்ப்ரசர் எண்ணெய் கேஸோட கலந்துதான் சுத்தும். கேஸ் போற வழியில அதுவும் வந்து நிக்கும். நிமிஷத்துல சீறல் அடங்கிடுச்சு. பெட்டியில அன்னைக்கு வாங்கின 40 கிலோ வஞ்சிரம் இருந்துச்சு.

அதனால கெஞ்சிக் கேக்குறேன். பெட்டியோட பக்கத்துலயோ முன்னாடியோ ஸ்க்ரூ போடாதே. விலைப் பலகை மாட்டணுமா, டேப் போட்டு ஒட்டு. பூட்டு வேணுமா, பெட்டியைச் சுத்தி பெல்ட் மாதிரி இரும்புப் பட்டை போட்டுப் பூட்டு. இதே கதைதான் உள்பக்கமும். ஒட்டிக்கிட்ட ஐஸைக் கத்தியால குத்திப் பேர்க்கிறவங்க நிறைய பேர். உள் தகட்டுக்குப் பின்னாடிதான் குளிர்க் குழாய் சுத்தியிருக்கு. ஒரு குத்து போதும்.

ஆனா அந்தப் பெட்டியை நான் தூக்கிப் போடலை. சுவருக்குள்ள இருக்கிற குழாயைப் பிரிச்சு அடைக்க முடியாது, சுத்தியும் ஃபோம் ஒட்டியிருக்கு. அதனால மெக்கானிக் அந்தக் குழாயை ரெண்டு முனையிலயும் வெட்டி ஒதுக்கிட்டு, கம்ப்ரசர் பக்கத்துல, சூட்டை வெளிய விட ஃபேன் வச்ச கண்டென்சர் ஒண்ணைப் புதுசா மாட்டினார். எட்டு வருஷமா அதுலதான் ஓடுது. மாசம் ஒரு தடவை பெயின்ட் பிரஷ் வச்சு அதுல படியிற தூசியைத் தட்டணும். வேற தொந்தரவு இல்லை. வெளிச் சுவர் லீக்குக்கு இது நல்ல வைத்தியம். பெட்டியே போச்சுன்னு யாராவது சொன்னா நம்பிடாதே.

ரிப்பேர் அன்னைக்குப் பக்கத்துல இரு

லீக் தேடுற ஆள் எப்படித் தேடுறார்னு பாரு. எண்ணெய்க் கறை இருக்கிற இடம் முதல் துப்பு. கம்ப்ரசர் அறையில ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைத் துணியால துடைச்சுப் பார்க்கணும். செம்பும் அலுமினியமும் சேர்ற ஜாயின்ட், தண்ணி வடியிற டிரெயின் பக்கத்துல போற குழாய் ரெண்டும் எங்க மாதிரி மீன் கடையில அடிக்கடி போகும். உப்புத் தண்ணி அரிச்சுடும். அப்புறம் நைட்ரஜனைச் சுமார் 150 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல அடிச்சு, சோப்பு நுரை தடவிப் பார்க்கணும். நுரையில சிக்கலைன்னா குழாயைப் பிரிச்சு, வெளிச்சுவர்க் குழாயைத் தனியா, உள்பக்கக் குளிர்க் குழாயைத் தனியா அடைச்சு, கேஜை மாட்டி ராத்திரி முழுக்க விடணும். காலையில எந்த முள்ளு இறங்கியிருக்கோ அங்கதான் ஓட்டை. ஒரு நாள் கூடுதலா ஆகும். அந்த ஒரு நாளைக் கொடு.

நைட்ரஜன் கொண்டுவரலை, வெல்டிங் செட்ல இருக்கிற ஆக்சிஜனையே அடிச்சுப் பார்த்துடலாம்னு யாராவது சொன்னா, அந்த நிமிஷமே வேலையை நிறுத்து. அழுத்தமான ஆக்சிஜனும் உள்ள இருக்கிற எண்ணெயும் சேர்ந்தா வெடிக்கும். உயிர் போகும். இதுல தயவு தாட்சண்யம் பார்க்காதே.

குழாயைத் திறந்தாச்சுன்னா ஃபில்டரைப் புதுசா மாத்தியே ஆகணும். விரல் நீளத்துக்குச் செம்புல இருக்கிற சின்ன உருளை அது. உள்ள ஈரத்தை உறிஞ்சுற மணிகள் இருக்கும். பழசையே திரும்ப வெல்டு பண்ணினா அந்த வேலை நிக்காது. புதுசோட மூடியைக் கடைசி நிமிஷத்துலதான் கழட்டணும். கழட்டி வச்சுட்டு டீ குடிக்கப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள அது காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சிருக்கும், நம்ம கடலோர ஊர்க் காத்துல கேக்கவே வேண்டாம். மாட்டும்போது கேபிலரி இருக்கிற முனை கீழ பார்த்து இருக்கணும். கேபிலரியை அரத்தால கீறி ஒடிக்கணும். கட்டரால அழுத்தி வெட்டினா வாய் நசுங்கிடும்.

வெல்டிங் நடக்கும்போது பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் ஈரச் சாக்கும் வச்சுக்கோ. சுவர்ல இருக்கிற ஃபோம் சுலபமாத் தீப்பிடிக்கும், அந்தப் புகை விஷம். கதவைத் திறந்து வை, பிள்ளைங்களை உள்ள விடாதே.

இனி வேக்கம், அதாவது குழாய்க்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்ப் வச்சு இழுத்து எடுக்கிறது. இங்கதான் நிறைய பேர் ஏமாத்தாமலே ஏமாத்துறாங்க. பழைய கம்ப்ரசர் ஒண்ணைப் பம்பா மாத்தி வச்சுக்கிட்டு, அஞ்சு நிமிஷம் இழுத்துட்டு, சரியாப்போச்சும்பாங்க. காத்து போயிடும், ஈரம் போகாது. ஆழமான வேக்கத்துலதான் குழாய்க்குள்ள ஒட்டியிருக்கிற தண்ணி நம்ம அறை வெப்பத்துலயே கொதிச்சு ஆவியா வெளியேறும். அதுக்கு உண்மையான வேக்கம் பம்ப் வேணும், குறைஞ்சது அரை மணி நேரம், ஈரம் புகுந்த பெட்டின்னா ரெண்டு மணி நேரம்கூட ஓடணும். மைக்ரான் கேஜ் வச்சிருக்கிற ஆள்னா 500 மைக்ரானுக்குக் கீழ இறக்கி, பம்பை அடைச்சுட்டு முள்ளு ஏறுதான்னு பார்ப்பார். அப்படிப் பார்க்கிற மெக்கானிக் கிடைச்சா, தங்கச்சி, அவர் நம்பரைப் பத்திரமா வச்சுக்கோ. கேட்ட கூலியைக் கொடு.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு பயப்படுறேன்னு கேப்பே. பழைய பெட்டிங்கள்ல அதிகமா இருக்கிற ஆர்-134ஏ கேஸ் சாதாரணக் காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியில கொதிக்கும். மீனும் ஐஸ்கிரீமும் மைனஸ் 18-ல நிக்கணும்னா குளிர்க் குழாய் அதுக்கும் கீழ போகணும். மைனஸ் 26-ஐத் தாண்டிட்டா குழாய்க்குள்ள அழுத்தம் வெளிக்காத்தை விடக் குறைஞ்சுடும். அப்போ அந்தப் பக்கம் ஓட்டை இருந்தா கேஸ் வெளிய வர்றதுக்குப் பதிலா வெளிக்காத்தும் ஈரமும் உள்ள இழுபடும். அதனாலதான் வேக்கம் போடாம மேலாக ஏத்தின கேஸ் நாலு வாரத்துல கழுத்தறுக்குது.

கேஸை ஏத்தும்போது தராசு இருக்கணும். தகட்டுல எத்தனை கிராம்னு போட்டிருக்கோ அத்தனை கிராம். கையால தொட்டுப் பார்த்தே ஏத்துற அனுபவசாலிங்க இருக்காங்கதான். ஆனா சின்னப் பெட்டியில 20 கிராம் கூடினாலும் குறைஞ்சாலும் வித்தியாசம் தெரியும். கூடுதலா ஏத்தினா கம்ப்ரசருக்குத் திரும்புற குழாய் வரைக்கும் பனி பிடிக்கும், கேஸ் திரவமாவே கம்ப்ரசருக்குள்ள போய் வால்வை உடைக்கும். கொஞ்சம் சேர்த்தே போடுங்கண்ணேன்னு நாமளே கேக்குறது இருக்கு பாரு, அதை விட்டுடு.

எந்த கேஸ்னு தெரியாம கை வைக்க விடாதே

ரொம்பப் பழைய பெட்டியில ஆர்-12 இருக்கும். ஓசோனைக் கெடுக்குதுன்னு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நம்ம நாட்டுல 2010 ஜனவரியிலிருந்து அது நின்னுபோச்சு. அந்தப் பெட்டியில ஆர்-134ஏ-வை அப்படியே ஏத்த முடியாது. எண்ணெயே வேற வகை, அதையும் மாத்தணும், ஃபில்டரையும் மாத்தணும். ரெண்டு கேஸைக் கலந்து போடுறது ஒரு நாளும் கூடாது. கம்ப்ரசர் மாத்துறதா இருந்தாலும் அதே கேஸுக்கான, ஃப்ரீசருக்கான கம்ப்ரசரா பாரு. கூல் டிரிங்க்ஸ் பெட்டியிலிருந்து கழட்டினதைக் கொண்டுவந்து மாட்டினா ஓடும், ஆனா மைனஸ் 18-க்கு இறங்காது, சீக்கிரம் சாகும்.

புதுப் பெட்டிங்கள்ல ஆர்-290 வருது. அது புரொப்பேன், தீப்பிடிக்கிற கேஸ். பூமியைச் சூடாக்குறதுல ஆர்-134ஏ கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல, ஆர்-290 அதுல ஒரு துளிகூட இல்லை. அதனால நல்ல கேஸ்தான், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனா அதைத் தொடுறதுக்குத் தனிப் பயிற்சி வேணும். உள்ள கேஸ் இருக்கும்போது டார்ச் பத்தவைக்கக் கூடாது. திறந்த வெளியில வெளியேத்தி, நைட்ரஜன் விட்டுக் கழுவின பிறகுதான் நெருப்பு. அடுப்பு கேஸுக்கு வாடை சேர்த்திருப்பாங்க, இதுக்கு வாடையே இருக்காது. லீக் ஆனா மூக்குக்குத் தெரியாது. விலை குறைச்சல்னு பழைய ஆர்-134ஏ பெட்டியில புரொப்பேனையோ, சமையல் சிலிண்டர் கேஸையோ ஏத்துறவங்களும் இருக்காங்க. அந்தப் பெட்டியோட ரிலேயும் தெர்மோஸ்டாட்டும் பொறி விடுற வகை. கடைக்குள்ள குண்டு வச்ச மாதிரி. ஒத்துக்காதே.

எப்போ விடணும்

வெளிச்சுவர் லீக்குக்கு வழி சொன்னேன். கம்ப்ரசர் மட்டும் போனாலும் மாத்தலாம். உள்பக்கக் குளிர்க் குழாய் ஓட்டைன்னா யோசி. தொட்டிக்கு உள்பக்கமாப் புதுச் செம்புக் குழாய் சுத்தி, மேல தகடு அடிச்சுத் தர்ற ஆளுங்க இருக்காங்க. இடம் கொஞ்சம் குறையும், ஓடும். தொட்டியே துருப்பிடிச்சு, ஃபோம் தண்ணி குடிச்சு ஊறிக் கிடக்குன்னா செலவு பண்ணாதே. ஊறின ஃபோம் குளிரைத் தாங்காது, கரண்ட் பில்தான் ஏறும். சுவரைத் தொட்டுப் பாரு, வெளித் தகடு வேர்த்துக்கிட்டே இருந்தா ஃபோம் போச்சு.

விடுறதுன்னு முடிவு பண்ணினா, அன்னைக்கே மூடியைக் கழட்டிடு. கொல்லையில கிடக்கிற பெட்டிக்குள்ள கண்ணாமூச்சி விளையாடுற பிள்ளை ஒளிஞ்சா, வெளியில சத்தம் கேக்காது, உள்ள காத்து இருக்காது. நாளைக்குக் கழட்டலாம்னு விடாதே. பெட்டியை மின்கழிவு எடுக்கிற உரிமம் உள்ள ஆள்கிட்ட கொடு. தெருவுல வர்றவர்கிட்ட கொடுத்தா செம்புக்காகக் குழாயை அறுத்துக் கேஸைக் காத்துல விட்டுடுவார்.

சரியான பிறகு

கேஸ் ஏத்தினதும் சாமானை அடுக்காதே. காலிப் பெட்டியா ஒரு நாள் ஓடட்டும். உள்ள ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு மூடு. மைனஸ் 18 வந்து, அங்க நின்னு, தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தி நிறுத்திப் போட்டாத்தான் மெக்கானிக்குக்கு முழுக் காசு. ரிப்பேர் நாளைக்கு மீனைப் பக்கத்துக் கடையில வச்சுக்கோ. வழி இல்லைன்னா ஐஸ்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டி. உருகின ஐஸ்கிரீமை மறுபடி உறைய வச்சு விக்காதே. வாங்குறது பெரும்பாலும் பிள்ளைங்க.

சுவரை ஒட்டி அரிசி மூட்டை அடுக்காதே. நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டாத்தான் சூடு போகும். கரண்ட் போய் வந்தா உடனே போடாதே, அஞ்சு நிமிஷம் விடு. உள்ள அழுத்தம் சமமாகிறதுக்கு அவ்வளவு நேரம் வேணும். நேரம் விட்டுப் போடுற ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிட்டா இந்தக் கவலை இல்லை. பனி அரை செ.மீ. தாண்டினா காலி பண்ணி, ஆஃப் பண்ணி, வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ள வச்சு மூடு. தானா கழண்டு விழும். மூடி ரப்பருக்கு நடுவுல ஒரு பத்து ரூபா நோட்டை வச்சு மூடி இழுத்துப் பாரு. வழுக்கிக்கிட்டு வந்தா ரப்பர் போச்சு.

நாளைக்குக் காலையில கடையைத் திறந்ததும் முதல் வேலையா ஒண்ணு பண்ணு. பெட்டியோட பின்பக்கமோ கம்ப்ரசர் மூடி மேலயோ ஒரு தகடு ஒட்டியிருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம், எத்தனை ஆம்பியர்னு அதுல இருக்கும். உப்புக் காத்துல அது அழிஞ்சுபோறதுக்குள்ள போன்ல ஒரு படம் எடுத்து, ஒரு அட்டையிலயும் எழுதி, கல்லாப் பெட்டிக்குள்ள வை.